கண்ணில்லாத கடைக்காரி

என் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர், சென்ற ஆண்டு திருவருகைக் காலத்தில் ஒரு மாலை வேளை, பங்கு இல்லத்தின் தாழ்வாரத்தில் அமர்ந்து என்னிடம் ஒரு வழக்கைத் தீர்த்துவைக்கச் சொன்னார். வழக்கு அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் இடையில். ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக நடந்துவருவது. சொத்து வழக்கு அன்று. அதுவும் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். கணிப்பொறியில் ஆடும் பழைய விளையாட்டுகளுள் எது தலைசிறந்தது என்பதே அந்த வழக்கு.

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. இனி நான் எழுதப்போவது எதுவும் ஒப்புரவு அருள்சாதனத்தில் கேட்டதன்று, தேநீர் அருந்தியவாறு பேசியதே என்பதையும், எழுதுவதற்கு அவர் இசைவு தந்துள்ளார் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

தந்தை மருத்துவராக அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பணியாற்றிய காலத்தில் சகோதரர் இருவரும் அங்கே வளர்ந்தவர்கள். 1985ஆம் ஆண்டில் தம்பிக்கு வயது பன்னிரண்டு, அண்ணனுக்குப் பதினைந்து. வீட்டில் 'ஆப்பிள் டூ' வகைக் கணிப்பொறி ஒன்று இருந்தது. தமிழ் பேச வேறு பிள்ளைகள் இல்லாத அந்தத் தெருவில், பள்ளி விட்டு வந்ததும் இருவரும் அதன் முன்னே அமர்ந்துவிடுவார்களாம்.

அவர்கள் ஆடியவை பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகள். இவ்வகையின் வேர் கணிப்பொறியில் இல்லை. 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இரு அமெரிக்கர்கள் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்றொரு விளையாட்டை வெளியிட்டார்கள். நண்பர் சிலர் மேசையைச் சுற்றி அமர்வார்கள். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் வீரன், மந்திரவாதி, குரு என்று ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள். நடப்பதைப் பகடை தீர்மானிக்கும். 1980களில் அமெரிக்கக் கிறிஸ்தவர் பலர் இதனைச் சாத்தானின் வேலை என்று அஞ்சினர். அஞ்சியவர்களுள் பெரும்பாலோர் அதை ஆடிப் பார்த்தவர்கள் அல்லர் என்று நினைக்கிறேன். நம்மிடமும் இப்பழக்கம் இல்லாமல் இல்லை.

மேசை விளையாட்டைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்தவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயின்ற ஆண்ட்ரூ கிரீன்பெர்க், ராபர்ட் உட்ஹெட் ஆகிய இருவர் உருவாக்கிய 'விசார்ட்ரி' 1981இல் வெளிவந்தது. இதுவே அண்ணனின் கட்சி. ஆறு பேர் கொண்ட குழு ஒன்று நிலவறைக்குள் இறங்குகிறது. பத்துத் தளங்கள், தளத்துக்கு இருபதுக்கு இருபது கட்டங்கள். திரையில் வெறும் கோடுகளால் ஆன சுவர்கள் தெரியும்; வழி தெரியாது. கிராஃப் தாளில் நாமே ஒவ்வொரு கட்டமாக வரைந்துகொண்டு போக வேண்டும். அண்ணன் வரைந்த தாள்களைத் தம்பி இன்றும் ஓர் உறையில் வைத்திருக்கிறார். காட்டினார். பென்சில் கோடுகள் மங்கியிருந்தன. ஓரிடத்தில் தேநீர்க் கறை.

இவ்விளையாட்டில் இறந்தவன் இறந்தவனே என்பதுதான் அண்ணனின் வாதம். இறந்த தோழனைக் கோவிலுக்குத் தூக்கிச் சென்று பொன் கொடுத்தால் உயிர்ப்பிக்க முயல்வார்கள். முயற்சி தவறினால் உடல் சாம்பலாகும். சாம்பலையும் எழுப்ப முயலலாம். அதுவும் தவறினால் அவன் பெயரே பட்டியலிலிருந்து மறைந்துபோகும். நடந்தவை உடனுக்குடன் வட்டில் பதிவாகிவிடும். எனவே, செய்ததற்கு விலை உண்டு. அதனால்தான் அது சிறந்தது என்கிறார் அண்ணன்.

வலிய வாதம்தான். ஆனால் தம்பி ஒன்றை நினைவூட்டினார். தோழன் சாகும் தறுவாயில், சாவு வட்டில் பதிவாவதற்குள், ஃபிளாப்பியை வெடுக்கென்று உருவிவிடுவார்களாம். இவர்கள் மட்டுமல்லர், அக்காலத்தில் இதை ஆடிய சிறுவர் பலரும் கண்டுகொண்ட வழி அது. பின்னாளில் விளையாட்டுகளே இந்த வசதியைத் தந்துவிட்டன. 1998இல் வந்த 'பால்டர்ஸ் கேட்' போன்றவற்றில் நினைத்தபோது ஆட்டத்தைச் சேமித்து வைத்து, கெட்டது நடந்தால் பின்னோக்கிச் சென்று மறுபடியும் தொடங்கலாம். செய்ததைச் செய்யாததாக்கும் ஆற்றல் கடவுளுக்கேனும் உண்டா என்று புனித தோமா அக்குவினார் ஆராய்ந்து, இல்லை என்று விடை கூறியிருக்கிறார். நடந்தது நடக்காதிருக்கச் செய்வது முரண்பாடு. முரண்பாடு ஆற்றலில் அடங்காது என்பது அவர் காட்டும் காரணம். பதினைந்து வயதுச் சிறுவன் இரண்டு விரல்களால் அதைச் செய்திருக்கிறான்!

இனித் தம்பியின் கட்சி. ரிச்சர்ட் காரியட் என்பவர் படைத்து 1985இல் வெளியிட்ட 'அல்டிமா' வரிசையின் நான்காம் பகுதி அது. காரியட்டும் டெக்சாசில் வளர்ந்தவர். விண்வெளி வீரர் ஓவன் காரியட்டின் மகன். 1983இல் அவர் சொந்த நிறுவனம் தொடங்கி மூன்றாம் பகுதியை வெளியிட்டார். ஆடுவோர் எழுதிய கடிதங்கள் முதன்முறையாக அவருடைய கைக்கே வந்தன. சிலர் அவர் இளைஞரைக் கெடுக்கிறார் என்று வைதிருந்தார்கள். அதைவிட அவரை உறுத்தியது, ஆடியவர்கள் தாம் வென்ற விதத்தை விவரித்திருந்த முறை. கடைகளில் திருடியும், ஊராரைக் கொன்றும், அகப்பட்டதைச் சுருட்டியும் வென்றுவிட்டுத் தம்மை நாயகர்கள் என்று அழைத்துக்கொண்டார்கள். அவருடைய விளையாட்டு அதற்கு இடம் கொடுத்திருந்தது, தண்டிக்கவில்லை. அடுத்த பகுதியை அவர் வேறு விதமாக அமைத்தார்.

நான்காம் பகுதியில் கொல்ல வேண்டிய அரக்கர் தலைவன் எவனும் இல்லை. ஆடுபவர் நல்லவராக வேண்டும், அவ்வளவே. உண்மை, அன்பு, துணிவு என மூன்று அடிப்படைகள். அவற்றின் சேர்க்கையால் எட்டு நற்பண்புகள்: வாய்மை, இரக்கம், வீரம், நீதி, தியாகம், மானம், ஆன்மிகம், தாழ்ச்சி. தொடக்கத்தில் குறி சொல்லும் நாடோடிப் பெண் ஒருத்தி ஏழு கேள்விகள் கேட்கிறாள். ஒவ்வொன்றிலும் இரு நற்பண்புகள் மோதும். ஒன்றைத் தேர்ந்தால் மற்றது விலகும். நன்மைக்கும் தீமைக்கும் இடையே தேர்வு வருவது வாழ்வில் அரிது, நன்மைக்கும் நன்மைக்கும் இடையேதான் நாம் பெரும்பாலும் திணறுகிறோம் என்பதை அறநெறி இறையியல் வகுப்பில் எங்களுக்கு ஓர் ஆண்டு முழுதும் கற்பித்தார்கள். தாழ்ச்சி மேலோங்கினால் ஆட்டத்தில் நீங்கள் இடையர், எல்லாரிலும் வலுக்குன்றியவர், செருக்கால் அழிந்து ஆவிகள் உலவும் ஓர் ஊரின் அருகே உங்கள் பயணம் தொடங்கும்.

அதன் பின்னர் விளையாட்டு உங்களைக் கவனித்துக்கொண்டே இருக்கிறது, கவனிப்பதைச் சொல்வதில்லை. பிச்சைக்காரருக்குக் கொடுத்தால் இரக்கம் உயரும். மருத்துவ நிலையத்தில் இரத்தம் கொடுத்தால் தியாகம் உயரும். தீங்கற்ற விலங்கு தப்பி ஓடும்போது துரத்திக் கொன்றால் இரக்கம் தாழும். அரண்மனையில் ஞானி ஒருவர் இருக்கிறார். அவரிடம் கேட்டால் நீங்கள் இருக்கும் நிலையைக் குறிப்பாகச் சொல்வார். எண்ணைச் சொல்ல மாட்டார்.

மந்திரத்துக்குரிய மூலிகைகளை விற்பவள் பார்வையற்ற பெண். விலையைச் சொல்லிவிட்டு, பணத்தை நீங்களே எண்ணி வைக்குமாறு விட்டுவிடுகிறாள். எத்தனை காசு வைக்கிறீர்கள் என்பதை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். முப்பதுக்குப் பொருள் வாங்கி ஒன்று என்று தட்டினாலும் அவள் வாங்கிக்கொள்வாள். ஒரு சொல்லும் சொல்ல மாட்டாள். ஆனால் வாய்மை, நீதி, மானம் மூன்றும் உங்களுக்குத் தெரியாமல் சரியும்.

நண்பர் தம் மடிக்கணினியில் இந்த விளையாட்டை ஏற்றி என்னிடம் விட்டுச் சென்றார். இரவு மன்றாட்டு முடிந்தபின் அரைமணி நேரம் என்று தொடங்கினேன். அரைமணி சில நாள்களில் நீண்டது என்பதை மறைக்கவில்லை. மூன்றாம் நாள் அக்கடைக்காரியிடம் போனேன். நான் குறைத்துத் தட்டினேன். சோதனைக்காகச் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அறையில் எவரும் இல்லை. திரையில் இருந்தவள் சில புள்ளிகளால் ஆனவள். அவளுக்குக் கண் மட்டுமா இல்லை, உயிரே இல்லை. ஆயினும் விரல் விசையின் மேல் ஒரு கணம் நின்றது. நின்றது எது?

பாவம் என்று இதைச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏமாற்றப்பட்டவர் எவரும் இல்லாத இடத்தில் ஏமாற்று இல்லை. ஆனால் அரிஸ்டாட்டில் காலந்தொட்டு நற்பண்பு என்பது பழக்கம் என்றே கற்பிக்கப்படுகிறது. பழக்கம் எவர்மேல் பயிலப்படுகிறது என்று பார்ப்பதில்லை. எவரும் பாராத நேரத்தில், எவருக்கும் நட்டமில்லாத காரியத்தில் என் கை எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அக்கடைக்காரி எனக்குக் காட்டினாள். அதற்காக விளையாட்டுக்கு நன்றி சொல்கிறேன்.

நன்றி சொன்னபின் குறையும் சொல்ல வேண்டும். குறையைக் கண்டுபிடித்த நாளில் தம்பிக்கு வயது பன்னிரண்டு. ஏமாற்றினால் எண்ணிக்கை குறைகிறது என்று தெரிந்ததும், அவளிடமே மீண்டும் மீண்டும் போய்ச் சரியான விலை கொடுத்து எண்ணிக்கையை உயர்த்திக்கொண்டார். பிச்சைக்காரருக்கு ஒரு காசு போட்டாலும் இரக்கம் ஏறுகிறதென்று தெரிந்ததும், பை நிறையப் பொன் இருக்க ஒவ்வொரு காசாகப் போட்டார். ஏழைக் கைம்பெண்ணின் இரண்டு காசுகளைப் பற்றி மறைக்கல்வியில் படித்த சிறுவன்தான். எண்ணப்படும் நற்பண்பு விரைவில் சேமிப்பாக மாறிவிடுகிறது.

இங்கே ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். எட்டுப் பண்புகளிலும் நிறைவெய்தியவருக்கு இவ்விளையாட்டு தரும் பெயர் 'அவதார்'. இந்து சமயம் பற்றிய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிலிருந்து காரியட் அச்சொல்லை எடுத்தார். ஆன்மிகத்துக்குரிய தியானச் சொல்லாக 'ஓம்' என்பதையும் வைத்திருக்கிறார். ஆனால் அவதாரம் என்ற சொல்லின் பொருள் இறங்குதல் என்பதைத் தமிழர் நாம் அறிவோம். மேலிருப்பவர் கீழே வருவது அவதாரம். இவரோ கீழிருப்பவன் தன் முயற்சியால் படிப்படியாக மேலே ஏறுவதற்கு அப்பெயரை வைத்துவிட்டார். இறையருளின் துணையின்றி மனிதன் தன் வலிமையாலேயே நல்லவனாகிவிடலாம் என்று போதித்த பெலாஜியுவின் கொள்கையை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. காரியட்டின் பிரிட்டானியா நாட்டுக்கு அந்தச் சங்கத்தின் செய்தி போய்ச் சேரவில்லை போலும். இருந்தாலும் ஒன்று சொல்ல வேண்டும்: அந்நாட்டில் ஒருமுறை அடைந்த நிறைவு நிலைப்பதில்லை. நிறைவெய்தியபின் தவறினால் எட்டில் ஒரு பங்கை இழந்துவிடுகிறீர்கள்.

காரியட்டுக்கும் தம் படைப்பின் ஆபத்து புரிந்திருக்க வேண்டும். 1988இல் வந்த ஐந்தாம் பகுதியில் அரசர் காணாமற்போகிறார். அவருக்குப் பதிலாக ஆளும் பிளாக்தார்ன் அந்த எட்டு நற்பண்புகளையும் சட்டங்களாக ஆக்கிவிடுகிறான். பொய் சொன்னால் நாக்கு போகும். வருமானத்தில் பாதியை அறத்துக்குக் கொடாவிட்டால் வருமானமே போகும். நாட்டில் நற்பண்பு எங்கும் கடைப்பிடிக்கப்படுகிறது, மக்கள் நடுங்குகிறார்கள். நண்பரிடம் நான், எனக்கு நான்காவதைவிட இந்த ஐந்தாவதே உயர்ந்ததாகப் படுகிறது என்றேன். அவருக்குப் பிடிக்கவில்லை. "ஃபாதர், நீங்கள் அதைப் பன்னிரண்டு வயதில் ஆடவில்லை" என்றார்.

அங்கேதான் வழக்கின் உண்மை வெளிப்பட்டது. ஜொஹானஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர் 1688இல் பாசல் நகரில் ஓர் ஆய்வேட்டை எழுதினார். தாய்மண்ணை விட்டு அயலில் வாழ்ந்த சுவிட்சர்லாந்து மக்களைப் பிடித்த ஒரு வாட்டத்துக்கு, 'வீடு திரும்புதல்', 'வலி' என்னும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயரிட்டார். அன்று அது நோய். மருந்து, ஊருக்கு அனுப்பிவைத்தல். இன்று அச்சொல் இடத்தைவிடக் காலத்தையே குறிக்கிறது. கடந்த காலத்துக்குப் பயணச்சீட்டு கிடையாது. நண்பர் தேடுவது விசைப்பலகையின் அருகே தோளோடு தோள் உரச அமர்ந்திருந்த அண்ணனை.

அந்தத் தேட்டத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். என் குருமட நாள்களை நினைத்தால் எனக்கும் நெஞ்சு இனிக்கிறது. அதிகாலை மணியோசை, நூலக வாடை, மழைநாளில் கேரம் பலகை. ஆனால் அக்காலத்து நாட்குறிப்பு ஒன்று என்னிடம் உள்ளது. அதை எடுத்துப் பார்த்தால் பக்கத்துக்குப் பக்கம் சோற்றைப் பற்றிய முறையீடு, வீட்டு நினைவு, உடன் பயின்ற ஒருவர்மேல் பொறாமை. எழுதியவன் நான்தான், எழுத்தும் என்னுடையதுதான். இனிப்பை மட்டும் வடித்து வைத்துக்கொண்டு மற்றதைக் கொட்டிவிட்டது யார்?

புனித அகுஸ்தினார் தம் 'அறிக்கைகள்' நூலில் நினைவை இவ்வாறு வடிகட்டவில்லை. சிறுவயதில் தோழர்களோடு சேர்ந்து அண்டை வீட்டுப் பேரிக்காய்களைத் திருடியதை, ஏதோ கொலைக்குற்றம் போல் பக்கம் பக்கமாக ஆராய்கிறார். பசிக்காகத் திருடவில்லை, பழமும் நன்றாக இல்லை, பன்றிகளுக்கு எறிந்தார்கள். தனியாக இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன் என்று அவர் கூறுமிடம் குருமடத்தில் படித்தபோது எனக்கு மிகையாகப் பட்டது. கண்ணில்லாத கடைக்காரியிடம் இரு சிறுவர் சிரித்துக்கொண்டே ஒரு காசு வைத்த கதையைக் கேட்டபின் மிகையாகப் படவில்லை.

இந்த வரிசையில் எனக்கு ஒரு வாக்கு உண்டென்றால் அதை வேறொரு விளையாட்டுக்குப் போடுவேன். 1999இல் வந்த 'பிளேன்ஸ்கேப்: டார்மென்ட்'. நண்பர் ஆடிக் காட்ட நான் அருகில் இருந்து பார்த்தது. சவக்கிடங்கில் ஒருவன் கண் விழிக்கிறான். பெயர் இல்லை, பழைய நினைவு இல்லை, சாவும் இல்லை. ஒவ்வொரு முறை மாண்டு எழும்போதும் நினைவை இழந்தவன். வழியில் சந்திப்பவர்கள் எல்லாரும் அவனால் முன்பு வஞ்சிக்கப்பட்டவர்கள். அவர்களுக்கு எல்லாம் நினைவிருக்கிறது. அவனுக்கு எதுவும் இல்லை. இறுதியில் தெரிகிறது: முதற்பிறவியில் செய்த பெருந்தீமைக்குக் கழுவாய் தேட ஓர் ஆயுள் போதாதென்று சாவாமையை வேண்டிப் பெற்றான், அதனாலேயே நினைவை இழந்தான், நினைவில்லாதவன் எதற்காக மனம் வருந்துவான்? ஒப்புரவைப் பற்றி நான் ஆற்றிய மறையுரைகளில் இவ்வளவு தெளிவாக இதைச் சொன்னதாக நினைவில்லை.

அண்ணன், தம்பி வழக்குக்கு வருகிறேன். பெற்றோர் கட்டிய வீட்டைப் பங்கிடுவதில் இருவருக்கும் மனமுறிவு. பேச்சுவார்த்தை நின்று பல ஆண்டுகள். தான் பொறுத்துப்போனதும் அண்ணன் வாக்கு மாறியதும் தம்பிக்கு நன்றாக நினைவிருக்கிறது. அண்ணனிடம் கேட்டால் வேறு விதமாக இருக்கும் என்று ஊகிக்க இறையியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் ஆண்டுதோறும் கிறிஸ்து பிறப்பு விழாவன்று அண்ணனிடமிருந்து ஒரு மின்னஞ்சல் தவறாமல் வரும். வாழ்த்து இருக்காது. விசார்ட்ரியே சிறந்தது என்பதற்குப் புதியதொரு காரணம் இருக்கும். தம்பி மறுத்து எழுதுவார். அவ்வளவுதான். அறுந்துபோகாத நூல் அது ஒன்றே. பழமையை நினைத்து உருகுவது வீண் என்று முதலில் எழுத நினைத்திருந்த நான், இதைக் கேட்டபின் அந்த வரியை அடித்துவிட்டேன்.

நான் நண்பரிடம் ஒன்று கேட்டேன். "அன்று ஒரு காசு என்று தட்டியது யார்?" "அண்ணன்தான்" என்றார், சிறிதும் தயங்காமல். "அவரிடமே கேட்டுப் பாருங்களேன்" என்றேன்.

கேட்டிருக்கிறார். திருக்காட்சி விழா கழிந்த வாரத்தில் விடை வந்தது. மடிக்கணினியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்தபோது எனக்குப் படித்துக் காட்டினார். நீளமான மடல், முக்கால் பங்கு விசார்ட்ரி. தட்டியது தம்பிதான் என்று அண்ணன் எழுதியிருந்தார். தனக்கு நன்றாக நினைவிருக்கிறதாம். தட்டிவிட்டுத் தம்பி பயந்துபோனதாகவும், பதிவாவதற்குள் ஃபிளாப்பியை உருவியது தான்தான் என்றும், அன்றிரவு தம்பி தூங்கவில்லை என்றும் எழுதியிருந்தார். அம்மாவின் கண் சிகிச்சை எந்த மட்டில் இருக்கிறது என்று கடைசியில் ஒரு வரி. வீட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

நண்பர் மடலை இருமுறை படித்தார். "நான்தானோ?" என்றார். பிறகு அம்மாவின் சிகிச்சையைப் பற்றி எழுத வேண்டும் என்று எழுந்துபோனார். கிராஃப் தாள்கள் இருந்த உறையை மேசைமேலேயே மறந்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.